மாத்தளையின் ஆறாத புண்ணும் நனோ மருந்தும்

மாத்தளை மாவட்ட மக்கள் அறிந்திருக்க வேண்டிய தோல் நோய்களுள் லீஷ்மானியாசிஸ் முக்கியமானதாகும். மணல் ஈயின் கடியால் பரவும் இந்நோய், இலங்கையிலேயே தொற்றிய நிலையில் முதன்முதலாக 1992இல் பதிவானது. 2008 முதல் இது சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது. அநுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை, குருநாகல் ஆகியவற்றுடன் மாத்தளையும் நோய் காணப்படும் மாவட்டங்களுள் அடங்கும்.

வலியற்ற பருவாகத் தோன்றி ஆறாத புண்ணாக மாறும் இந்நோய்க்கு, சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற் என்ற மருந்தை வாரந்தோறும் புண்ணிலேயே ஊசி மூலம் ஏற்றுவது வழமையான சிகிச்சையாகும். வயலிலும் சேனையிலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்கு ஒவ்வொரு ஊசியும் ஒருநாள் வருமான இழப்பாகும். சிகிச்சை இடைநடுவில் கைவிடப்படும் அபாயமும் உண்டு.

இங்குதான் நனோ தொழினுட்பத்தின் பயன் கவனத்திற்குரியதாகின்றது. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். நூறு நனோமீற்றருக்கும் குறைந்த கொழுப்புக் கோளங்களான லிபோசோம்களினுள் மருந்தை அடைத்துச் செலுத்தலாம். லீஷ்மானியா ஒட்டுண்ணி வாழ்வது, கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்களினுள்ளேயாகும். அக்கலங்கள் லிபோசோம்களையும் விழுங்குவதால், மருந்து ஒட்டுண்ணியின் இருப்பிடத்தையே சென்றடைகின்றது.

1950களில் கண்டறியப்பட்ட அம்போடெரிசின் பி சிறந்த மருந்தாயினும் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. லிபோசோமில் அடைக்கப்பட்டபோது அப்பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இலங்கையில் காணப்படும் லீஷ்மானியா டொனோவானி இனமே இந்தியாவின் பீகாரில் உள்ளுறுப்புகளைத் தாக்கி, உயிராபத்தான காலா அசார் நோயை உண்டாக்குகின்றது. அங்கு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஒரே தடவை ஏற்றப்பட்ட லிபோசோம் மருந்து 95 சதவீதத்திற்கும் அதிகமானோரைக் குணப்படுத்தியது. பழைய முறையில் இதே பலனைப் பெற 29 நாட்களில் 15 தடவைகள் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது.

எனினும் நாளத்தில் ஏற்றும் இம்மருந்து விலை கூடியது. தோற்புண்ணுக்கு முதற்சிகிச்சையாக அமையவில்லை. நமக்குத் தேவை வீட்டிலேயே பூசக்கூடிய களிம்பாகும். ஈரானில் இத்தகைய லிபோசோம் களிம்பு நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அங்கு தோற்புண்ணை ஏற்படுத்துபவை வேறு லீஷ்மானியா இனங்கள். எனவே அதன் பலனை இங்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது. நமது நோயாளரிடம் நமது ஆய்வாளரே பரிசோதித்தறிய வேண்டும்.

அதற்கான அறிவுவளம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஹோமாகமையில் இயங்கும் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் 2008இல் ஆரம்பிக்கப்பட்டது. பயிருக்கு யூரியாவை மெதுவாக வெளிவிடும் நனோ துணிக்கைகள் பற்றிய இலங்கை ஆய்வு 2017இல் சர்வதேச சஞ்சிகையில் வெளியானது. பயிருக்குப் பயன்பட்ட அவ்வறிவு உழவனின் புண்ணையும் ஆற்றத் திருப்பப்படுதல் வேண்டும்.

அதுவரை, வாரக்கணக்கில் ஆறாத வலியற்ற புண்ணை அலட்சியம் செய்யாது அரசாங்க வைத்தியசாலையை நாடுவதும், தொடங்கிய சிகிச்சையை முழுமையாகப் பெறுவதுமே பாதுகாப்பாகும்.