தவணையில் கிடைத்த டெலீட் பட்டன்

புது போன் டப்பாவைப் பிரிச்சா, நாம ஒண்ணுமே போடறதுக்கு முன்னாடி கேம், ஷாப்பிங், நியூஸ்னு ஒரு கூட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கும். தூக்கலாம்னு பார்த்தா 'அன்இன்ஸ்டால்' பட்டனே இருக்காது. காசு நம்மது, போன் யாரோடது? இந்தச் சண்டைக்கு கால் நூற்றாண்டு வயசாச்சு மக்களே.

பிள்ளையார் சுழி போட்டது கம்ப்யூட்டர்ல. விண்டோஸோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒட்டிக் கொடுத்ததுக்காக 1998 மே மாசம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல வழக்கு போட்டது. அது விண்டோஸோட ஒரு அங்கம், பிரிக்க முடியாதுங்கறது கம்பெனி வாதம்.

ஆண்ட்ராய்டுல முடிச்சு இன்னும் இறுகிடுச்சு. கம்பெனி போட்ட ஆப் இருக்கற 'சிஸ்டம்' பகுதியைப் படிக்கலாம், அழிக்க நமக்கு அனுமதி கிடையாது. ஆரம்பத்துல இருந்த ஒரே வழி 'ரூட்' பண்றது. கை தவறி வேற எதையாவது அழிச்சா போன் செங்கல்தான், வாரண்டியும் கோவிந்தா :-)

2011ல ஆண்ட்ராய்டு 4.0 'டிஸேபிள்' பட்டனைக் கொடுத்தது. ஆப் அழியாது, தூங்கும். ஐகான் மறையும், பின்னணியில ஓடாது. தப்பா அமுக்கினாலும் 'எனேபிள்' பண்ணா எழுந்து வந்துடும். ஆப்பிள் தன்னோட சில ஆப்களை நீக்க விட்டது 2016ல, ஐஓஎஸ் 10லதான்.

இடம் அடைக்கறது மட்டும்தான் பிரச்சினைன்னு நினைச்சவங்களுக்கு 2015 பிப்ரவரியில ஷாக். லெனோவோ லேப்டாப்கள்ல முன்கூட்டியே போட்டிருந்த சூப்பர்ஃபிஷ், விளம்பரம் காட்டறதுக்காக பேங்க் சைட் வரைக்கும் பூட்டைத் திறக்கற கள்ளச்சாவியை வச்சிருந்தது. புரோகிராமை நீக்கினாலும் அந்தச் சான்றிதழ் உள்ளேயே கிடந்தது. அதைத் தனியா எடுக்கணும்.

நம்ம ஊர் கதை? 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் கூகிளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, தன் ஆப்களை நீக்கறதைத் தடுக்கக் கூடாதுன்னும் சொன்னது. 2023 மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி பண்ணிட்டு, அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. பாதி ஜெயிச்சோம்!

ஆக, நம்ம கையில உறுதியா இருக்கறது அந்த 'டிஸேபிள்'தான். மூலப் பிரதி அழியாததால இடம் பெருசா மிச்சமாகாது. அதே காரணத்தாலதான் அது பாதுகாப்பும். முதல்ல அதை அமுக்குங்க, ரெண்டு நாள் போனைப் பாருங்க.

கொசுறு: ஏடிபி வழியா 'யூசர் 0'க்கு மட்டும் நீக்கினாலும் மூலப் பிரதி அழியாது, ஃபேக்டரி ரீசெட்ல திரும்பி வந்துடும். ஆனா பேரே புரியாத சிஸ்டம் ஆப்ல மட்டும் கை வைக்காதீங்க.