மேற்கொள்ளுதல்: தங்கவயலும் ஒரு சொல்லும்

ஆங்கிலத்தில் 'அண்டர்டேக்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு பணியை ஏற்றுச் செய்யத் தொடங்குதல் என்பது அதன் முதற்பொருள். செய்து முடிப்பேன் என உறுதி கூறுதல் என்பது இரண்டாம் பொருள். கோலார் தங்கவயலில் வேரூன்றிய தமிழராகிய நமக்கு இச்சொல் புதியதன்று. நம் சுரங்கங்களின் பெயரிலேயே அது இருந்தது. ஆயினும் அதன் முழுப்பொருளை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

'அண்டர்' என்றால் கீழ். 'டேக்' என்றால் எடுத்தல். இதே கருத்துக்குத் தமிழில் நாம் வழங்கும் சொல் 'மேற்கொள்ளுதல்' என்பதாகும். அவர்கள் 'கீழ்' என்றதை நாம் 'மேல்' என்றது வியப்பன்றோ? சுமைக்குக் கீழே நிற்கும் ஆளை அச்சொல் காட்டுகின்றது; ஆளின் மேல் ஏறும் சுமையை நம் சொல் காட்டுகின்றது. சுமை ஒன்றே. வினையை ஏற்பதன் அருமை உணர்ந்தே வள்ளுவர் ஆள்வினையுடைமை, வினைத்திட்பம் என அதிகாரங்கள் வகுத்தார். வினையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கும் தெரிந்துவினையாடல் என்றோர் அதிகாரம் வைத்தார்.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1873இல் லாவெல் என்பார் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார். 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் பணியை ஏற்றனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏடுகளில் பணியை 'மேற்கொண்டவர்' இவர்களே. ஆனால் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த எம் முன்னோர், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், அச்சொல்லை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பித்தனர். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, அனல் வீசும் ஆழத்தில், பாறை வெடிப்புக்கு அஞ்சாது பொன் எடுத்தனர்.

1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை வந்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் ஒரு கேள்வி அடங்கியிருந்ததாக நாம் கருதுகிறோம்: உறுதியும் பிணையும் ஒரு பக்கத்தார் மட்டுமே தரவேண்டியனவா?

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் உடைமையாக்கியது. அப்போது அவை 'கோலார் கோல்டு மைனிங் அண்டர்டேக்கிங்ஸ்' எனப் பெயர் பெற்றன. 1962இல் நடுவண் அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் தோன்றியது. அதுவும் அரசின் 'அண்டர்டேக்கிங்' எனவே வழங்கியது. இதனை நாம் 'நிறுவனம்' என்று மொழிபெயர்த்தோம். இங்கேதான் ஒரு பொருள் நழுவியது. நிறுவனத்தை மூடிவிடலாம், கூறிய உறுதிமொழியை மூடுதல் இயலாது, நிறைவேற்றவே வேண்டும். அலுவலகங்களில் நம்மிடம் எழுதி வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் பெயர் 'அண்டர்டேக்கிங்' தான் என்பதை மறத்தலாகாது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. 'அண்டர்டேக்கர்' என்னும் சொல் ஒரு காலத்தில் எப்பணியையும் ஏற்பவரைக் குறித்தது. பின்னர் இறுதிச் சடங்கை ஏற்று நடத்துபவருக்கே உரியதாயிற்று. அவ்வாறே தங்கவயலின் வரலாறும் முடிந்ததென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கச் செல்லும் பிள்ளைகள், பெற்றோரின் சுமையைத் தம் மேல் ஏற்றவர்களே. கம்பெனிகளின் பெயர்கள் மாறின. சுமந்தவர் மரபு மாறவில்லை.

எனவே, புலம்பெயர்ந்த ஊர்களில் வாழும் நம் குடும்பத்தார் இச்சொல்லைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கையில் இரு பொருளையும் சேர்த்தே கற்பிப்பாராக. பணியை ஏற்பவன் சொல்லையும் ஏற்கிறான். நம் முன்னோர் இரண்டையும் காத்தனர். அவர்க்குரிய சொல்லையும் பிறர் காக்கவேண்டும் எனக் கேட்பது நம் உரிமை. கேட்கத் தெரிந்திருப்பது நம் கடமை.