கோட்டையை இழந்த வீரன்

மந்திரவாதி முதலில் ஒரு பீரங்கி. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிநூல் அவனுக்குத் தந்த இடம் அதுதான். சிப்பாய் பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து ஆடும் ஆட்டம் அது. நூலின் பின்பகுதியில் மாயக்கதை உலகத்துக்கான விதிகளைச் சேர்த்தார்கள். மந்திரவாதி எறியும் தீக்கோளம் பெரிய கவண்பொறிக்குச் சமம். அவன் மின்னல், கனரக பீரங்கிக்குச் சமம். அதே விதிகளில் 'ஹீரோ' என்ற வீரன் நான்கு பேருக்கு ஈடு. 'சூப்பர் ஹீரோ' எட்டுப் பேருக்கு. பீரங்கி ஒரே வீச்சில் ஒரு கூட்டத்தையே சாய்க்கும். ஆனால் முன்னால் காலாட்படை நிற்காவிட்டால் எதிரி ஓடி வந்து அதைக் கைப்பற்றிவிடுவான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுபவர்கள் ஐம்பது ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கு, வீரன் பெரியவனா மந்திரவாதி பெரியவனா என்பது. அதன் வேர் இங்கே இருக்கிறது. பல ஆண்டுகளாக நண்பர்களுக்கு இந்த ஆட்டத்தை நடத்திவருபவன் என்ற முறையில் நான் வீரன் பக்கம் நின்றே பேசுகிறேன்.

1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து அந்த ஆட்டம் வெளிவந்தது. கைகாக்ஸும் மினசோட்டாவின் டேவ் ஆர்ன்சனும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு பெட்டி, மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். படைகள் போய், ஆளுக்கு ஒரு பாத்திரம் வந்தது. நடுவர் நிலவறையை விவரிப்பார், ஆடுபவர் தான் செய்வதைச் சொல்வார், பகடை தீர்ப்பு வழங்கும். வீரன், மந்திரவாதி, கிளெரிக் (பூசாரி) என்று மூன்றே கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள். கிளெரிக் பிறந்த கதையே சமநிலையின் கதைதான். ஆர்ன்சனின் 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி, யாராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டார். அவரை எதிர்க்கச் சிலுவை ஏந்திய ஒருவன் தேவைப்பட்டான்.

அன்றைய விதிகள் மந்திரவாதியிடம் விலை கேட்டன. கவசம் கிடையாது. முதல் லெவலில் ஒரே ஒரு மந்திரம். சொல்லிவிட்டால் மனதிலிருந்து அழிந்துவிடும், மறுநாள்தான் திரும்பக் கிடைக்கும். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் மாயக்கதைகளிலிருந்து எடுத்த ஏற்பாடு இது. இரண்டாம் லெவலுக்கு ஏற வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். 1978இன் 'அட்வான்ஸ்ட்' விதிகள் இன்னும் கறார். மந்திரம் சொல்லும் நேரத்தில் ஒரு அடி விழுந்தாலும் மந்திரம் வீண். மனப்பாடம் செய்ய, மந்திரத்தின் வலிமைப் படி ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மூத்த மந்திரவாதி தன் கையிருப்பை முழுக்கச் செலவழித்தால் மறுபடி நிரப்ப ஒரு நாள் போதாது.

அரிதாக்குவதும் ஒரு விலைதான். 1975இல் 'கிரேஹாக்' துணைநூலில் வந்த பாலடின் என்ற புனித வீரனுக்குக் கவர்ச்சி எண் 17 ஆவது இருக்க வேண்டும். மூன்று பகடை உருட்டினால் 216 வழிகளில் நான்கில்தான் அது விழும்.

வீரனுக்கோ ஒன்பதாம் லெவலில் கோட்டை. அவன் பெயர் கேட்டு ஒரு தலைவனோடு படை வந்து சேரும். மந்திரவாதி வானத்தைப் பிளக்கக் கற்றுக்கொள்ளும் காலத்தில் வீரன் நாடாளத் தொடங்குகிறான். எனக்கு இது மிக அழகான ஏற்பாடாகப் படுகிறது. ஒரு சண்டையில் இருவரும் சமமாக இருந்ததே இல்லை. சமநிலை ஒரு வாழ்நாளின் நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. அந்த வாழ்நாளை முடிக்காமலே பல மந்திரவாதிகள் செத்தார்கள். 1981 விதிகளை எங்கள் மேசையில் ஆடியபோது, மந்திரவாதி எடுத்தவர் நாலு பக்கப் பகடையில் இரண்டு உயிர்ப்புள்ளி உருட்டிவிட்டு, அன்று முழுவதும் வீரனின் கேடயத்துக்குப் பின்னாலேயே நடந்தார். வீரன் எங்கள் பல் மருத்துவ நண்பர். அவர் சொல்லாமல் யாரும் கதவைத் திறக்கவில்லை.

ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 2000இல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த ஜொனதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் ஒழுங்கை விரும்பியவர்கள். பழைய விதிநூலின் கோணல்மாணல்களை நேராக்கினார்கள். இரண்டாம் லெவலுக்கு எல்லோருக்கும் 1,000 புள்ளி. மந்திரங்களைத் தயார்செய்ய எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். அடிவாங்கினாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். படை திரட்டும் திறன், ஆறாம் லெவலிலிருந்து விரும்பிய எவருக்கும். மந்திரவாதி கொடுத்துவந்த விலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. மந்திரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. நேராக்குகிறேன் என்று அவர்கள் எடுத்த கோணல்களில் சில வீட்டைத் தாங்கிய தூண்கள்.

கணக்காகவே பார்ப்போம். 'அட்வான்ஸ்ட்' விதிகளில் பதினேழாம் லெவல் வீரன், தப்ப இடம்தரும் எந்த மந்திரத்திலிருந்தும் தப்ப இருபது பக்கப் பகடையில் 6 அல்லது அதற்குமேல் விழுந்தால் போதும்: நூற்றுக்கு 75. மூன்றாம் பதிப்பில் மனவுறுதிதான் வீரனின் பலவீனம். இருபதாம் லெவலில்கூட அவன் கூட்டிக்கொள்வது 6. ஒன்பதாம் படி மந்திரத்தைச் சொல்லத் தகுதியுள்ள மந்திரவாதி மிகக் குறைந்தபட்சம் வைக்கும் இலக்கு 23. மாயப் பொருள்கள் ஏதும் இல்லாவிட்டால், தப்ப வாய்ப்பு நூற்றுக்கு 20. இந்தப் பதிப்பை ஆடிய ஒரு மாலையில், எதிரி மந்திரவாதி ஆளை வசப்படுத்தும் மந்திரத்தைச் சொன்னான். பல் மருத்துவரின் வீரன் வாளைத் திருப்பிக்கொண்டு எங்கள் கிளெரிக்கை வெட்டப் போனான். மீதிச் சண்டை முழுக்க அவர் தன் நண்பர்களுக்கு எதிராகப் பகடை உருட்டினார். விதி தவறாமல் நடந்தது, அதனால்தான் வலித்தது.

2008இல் நான்காம் பதிப்பு இதற்கு நேரடி விடை சொன்னது. எல்லா கிளாஸ்களுக்கும் ஒரே கட்டமைப்பு: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. வீரன் எதிரியைக் குறிவைத்துத் தடுக்கும் காவலன் ஆனான். அவனுக்குச் செய்ய நிறைய இருந்தது. அதற்காக நான் அந்தப் பதிப்பை மதிக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள் என்று பலர் விலகினார்கள். மறுவருடமே பைஸோ நிறுவனம், மூன்றாம் பதிப்பின் வழிவந்த 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தை முழு நூலாக வெளியிட்டது.

2014இன் ஐந்தாம் பதிப்பு நடுவழி. கவனம் கோரும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்ற விதி மந்திரவாதிக்கு நல்ல கடிவாளம். ஆனால் அந்தப் பதிப்பின் நடுவர் நூல் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டுச் சண்டைகளை எதிர்பார்த்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கு நேரமிருந்தால் அதிகம். இரண்டு சண்டைகளில் எல்லா மந்திரங்களையும் கொட்டித் தீர்க்கும் ஒருவனுக்குப் பக்கத்தில், நாள் முழுதும் சோராமல் வெட்டும் வீரனின் பெருமை வெளியே வருவதில்லை.

2024 நூல்கள் வீரனுக்கு ஆயுதத் தேர்ச்சி தந்தன: எதிரியைத் தள்ளலாம், வீழ்த்தலாம். கோட்டையும் திரும்பி வந்தது, ஐந்தாம் லெவலிலேயே, ஆனால் எல்லா கிளாஸ்களுக்கும். எங்கள் மேசையில் அந்த விதியை மாற்றிவிட்டேன். மந்திரவாதி கோபுரம் கட்டிக்கொள்ளலாம், கிளெரிக் கோயில் கட்டலாம். படை மட்டும் ஒன்பதாம் லெவலில், வீரனைத் தேடித்தான் வரும். பல் மருத்துவர் இப்போது எட்டாம் லெவலில் இருக்கிறார். கோட்டைக்கு ஆற்றங்கரையா குன்றா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.