மகசூலும் தாசிலும்: ஓர் அரபு வேர்ச்சொல்லின் இரு கிளைகள்

வாலாஜாபாத் தாலுகா அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர் ‘தாசில்தாரைப் பார்க்கணும்’ என்பார். வட்டாட்சியர் என்பது எழுத்து வழக்கு. அவரே பாலாற்றங்கரை வயலைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘இந்தப் போகம் மகசூல் பரவாயில்லை’ என்பார். தாசில் (தஹ்ஸீல்), மகசூல் (மஹ்ஸூல்) இரண்டும் ‘ஹ-ஸ-ல’ என்ற அரபு மூவெழுத்து வேரில் கிளைத்தவை. ‘தார்’ மட்டும் பாரசீக விகுதி. பொறுப்பை வைத்திருப்பவர் என்று பொருள்.

பொ.ஆ. 1004-ல் மறைந்த இப்னு ஃபாரிஸ் தம் ‘மகாயீஸ் அல்-லுகா’ அகராதியில் இவ்வேருக்குச் சொல்லும் அடிப்பொருள் ஒன்றே: சேர்த்தல். கொத்திய தானியம் சேரும் இடம் என்பதால்தான் பறவையின் இரைப்பைக்கு ‘ஹவ்ஸலா’ என்று பெயர் என்கிறார். (அது பாரசீகம் வழியே இந்திக்குப் போய் ‘ஹௌஸ்லா’, அதாவது மனத்துணிவு, ஆனது தனிக்கதை.) சுரங்க மண்ணிலிருந்து பொன்னைப் பிரிப்பதே தஹ்ஸீலின் மூலப்பொருள் என்போரும் உண்டு என அவரே குறிக்கிறார். மற்றோர் அகராதியாளரான ராகிப் அல்-இஸ்ஃபஹானி, தோட்டிலிருந்து பருப்பையும் வைக்கோலிலிருந்து கோதுமையையும் எடுப்பதைச் சேர்த்துச் சொல்கிறார். குர்ஆனின் 100ஆம் அத்தியாயத்தில் நெஞ்சில் உள்ளவை வெளிக்கொணரப்படுவதைச் சொல்வதும் இவ்வேரின் வினைதான். தானியத்தை அள்ளிய பின் களத்தில் மிஞ்சுவதற்கு ‘ஹுஸாலா’ என்று பெயர். சேர்ப்பதும் பிரிப்பதும் ஒருங்கே நடக்கும் இடம் களம். ஆகவே இவ்வேருக்குச் சுரங்கத்தைவிடக் களமே நெருக்கம் என்பது என் கணிப்பு.

களத்தில் சேர்ந்தது உழவனுக்கு விளைச்சல், அரசுக்கு வரி. மராத்தியில் வரிப்பொருளே நிலைத்தது. மகாராஷ்டிரத்தில் வருவாய்த் துறை அமைச்சர் இன்றும் ‘மஹசூல்’ மந்திரிதான். மலாய் மொழியில் இதே வேரின் ‘ஹாசில்’ இரு பொருளையும் சுமக்கிறது; மலேசியத் தமிழர் வருமான வரி கட்டும் வாரியத்தின் பெயரிலேயே அது உண்டு. தமிழில் மகசூல் விளைச்சலாகி நின்றது. ஏன்?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொற்களை உருது வழி வந்தவை என்கிறது. கடல்வழி வந்த அரபு வணிகரைவிட, ஆர்க்காட்டு நவாபுகளின் பாரசீகக் கணக்கேடுகளே இவற்றைக் கொண்டுவந்த வழி எனலாம். வாலாஜாபாத்துக்குப் பெயர் தந்த முகம்மது அலி வாலாஜா (ஆட்சி 1749–1795), செங்கல்பட்டுச் சீமையை 1763-ல் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அங்கே சுமார் 2,000 ஊர்களில் திரட்டிய கணக்குகளில் நெல்லின் பங்கீடு விரிவாகக் கிடைக்கிறது: கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு என்று களத்திலேயே பங்கு பிரியும், அரசின் மேல்வாரமும் உழவரின் குடிவாரமும் அதே பொலியிலிருந்துதான். விளைச்சலையும் வரியையும் ஒரே சொல்லால் குறிப்பதில் அப்போது முரண் இல்லை.

1801-ல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் முழுதும் கும்பினி வசமானது. உழவரிடமே நேராக வரி வாங்கும் மன்றோவின் ரயத்துவாரி முறை பரவியபோது வரி, நிலத்தின் மீது பணமாக விதிக்கப்பட்டது. தாசில்தாருக்குக் களத்துமேட்டில் வேலை குறைந்தது. ஆனால் வசூலின் கெடுபிடி குறையவில்லை. கிட்டி போட்டு விரல் நெரித்ததையும், அண்ணாந்தாள் கட்டிக் குனிய வைத்ததையும் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. நெல் வேறு, வரி வேறு என்றானதும் மகசூல் நெல்லோடு தங்கிவிட்டது என்று கருதுகிறேன். பம்பாய் மாகாணத்திலும் ரயத்துவாரிதானே, அங்கே ஏன் நேர்மாறாக ஆயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழில் வரிக்குத் தீர்வை, கிஸ்தி என்ற சொற்கள் வேரூன்றியிருந்ததால் அந்தப் பொருளில் மகசூலுக்கு இடமில்லாமல் போயிருக்கலாம், கிஸ்தியும் அரபுதான்.

இப்போது வரிக்காக அல்ல, பயிர்க் காப்பீட்டுக்காக 5 மீட்டருக்கு 5 மீட்டர் நெல்லை அறுத்து, அடித்து, எடைபோடுகிறார்கள். அந்த எடையிலிருந்து கணக்கிடும் மகசூல் வரம்புக்குக் கீழே இருந்தால் இழப்பீடு உழவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது.