உதடு அசையாத பிள்ளைகள்

அமெரிக்கப் பாடசாலைகளில் சொல்லப்படும் தேசிய உறுதிமொழியைப் பிரான்சிஸ் பெலமி 1892இல் ஒரு சஞ்சிகைக்காக எழுதினார். பிறகு பல இடங்களில் அது கட்டாயமாயிற்று. கொடிக்கு வணக்கம் செலுத்துவது சிலைவணக்கம் என்று யெகோவாவின் சாட்சிகள் மறுத்தார்கள். 1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில்லில் அக்காவும் தம்பியுமாக இரு பிள்ளைகள் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டனர்.

1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பாடசாலையின் பக்கம் நின்றது. அதோடு முடிந்ததா? அந்தச் சமூகத்தார் ஊர் ஊராகத் தாக்கப்பட்டார்கள். பிள்ளையின் உதடு அசையுதா எண்டு பார்த்து நாட்டுப்பற்றை அளக்க ஏலாது. இருபது வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

அன்று தனியே மறுத்த நீதியரசர் ஸ்டோன் அடுத்த வருடமே பிரதம நீதியரசரானார். 1943 யூன் 14, யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று அமெரிக்கக் கொடி தினமும்கூட. கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாகத் தன் தீர்ப்பை மாற்றியது.