சோராஃபெனிப் கடந்து வந்த வழி

சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை முதலில் அனுமதி பெற்றது கல்லீரலுக்கு அல்ல. 1990களில் ஜெர்மனியின் பேயர் நிறுவனமும் கலிஃபோர்னியாவின் ஆனிக்ஸ் நிறுவனமும், செல்களைப் பெருகச் சொல்லும் கட்டளையைக் கடத்துகிற ராஃப் என்ற புரதத்தை அடக்க ஒரு மூலக்கூறைத் தேடின. கிடைத்ததற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. பே 43-9006 என்ற எண்தான். புற்றுக் கட்டிக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைப்பதையும் அது தடுக்கும் என்று பிறகு தெரிந்தது. 2005 டிசம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தபோது, முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்குத்தான் அனுமதி.

அன்று முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு ஆயுளை நீட்டும் என்று நிரூபணமான மாத்திரை ஒன்றும் இல்லை. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதற்கு முன்பே ஹெபடைடிஸாலோ மதுவாலோ கல்லீரல் சுருங்கிப் போயிருக்கும். கட்டியைக் கொல்லப் போன கீமோ, மிச்சமிருந்த நல்ல கல்லீரலையும் வாட்டியது. அதனால், சோராஃபெனிப்பை இந்த நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க 2005 மார்ச்சில் ஆள் சேர்க்கத் தொடங்கிய ஷார்ப் சோதனை, வாசலிலேயே ஒரு நிபந்தனை வைத்தது: கல்லீரல் சைல்டு-பியூ 'ஏ' நிலையில் இருக்க வேண்டும். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 5 அல்லது 6 வந்தால் 'ஏ'.

602 பேர் சேர்ந்தார்கள். 299 பேருக்கு மருந்து, 303 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 10.7 மாதங்களைத் தாண்டினார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் 7.9 மாதங்களை. பக்கவிளைவாகச் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிந்தன, வயிற்றுப்போக்கும் வந்தது. கூடுதலாகக் கிடைத்தது மூன்று மாதம்கூட முழுதாக இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அதுவரை எந்த மாத்திரையும் தராத மாதங்கள் அவை. அந்த 303 பேருக்கு நாம் பட்டிருக்கும் கடனை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. அவர்கள் வெறும் மாத்திரையை ஏற்றுக்கொண்டதால்தான், பின்னால் முதல் சிகிச்சைக்கான சோதனைகளில் சேர்ந்தவர்களுக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் உண்மையான மருந்து கிடைத்தது.

2007 நவம்பரில் கல்லீரலுக்கும் அனுமதி வந்தது. அதற்குப் பிறகு வந்தது விலை என்னும் தடை. அப்போது இந்தியாவில் ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச் 9 அன்று காப்புரிமை அலுவலகம், பேயரின் சம்மதமில்லாமலே மருந்தைத் தயாரிக்க, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு நாட்டின் முதல் கட்டாய உரிமத்தைக் கொடுத்தது. மாத விலை 8,800 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது அதன் நிபந்தனை. பேயரின் மேல்முறையீடு, அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்து, பேயருக்கான உரிமத்தொகையை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. ஆய்வகத்தில் கிடைத்த வெற்றி நோயாளியின் வீட்டுக்குள் வர, இப்படி ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

இதற்கிடையே மாத்திரையே அளவுகோலாகிவிட்டது. சுனிடினிப், பிரிவானிப், லினிஃபானிப் எல்லாம் அதை முந்த முயன்று தோற்றன. 2018இல் லென்வாடினிப் அதற்கு ஈடாக நின்றது. 2020இல்தான் முதல் தோல்வி: அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஊசிகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 67.2 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தார்கள். சோராஃபெனிப் எடுத்தவர்களில் 54.6 சதவீதம். இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிடவில்லை. மாற்றுக் கல்லீரல் பொருத்தியவருக்கு, அட்டிசோலிசுமாப் போல எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு இன்றும் அது தேவைப்படுகிறது.

மருந்து மாறினாலும் வாசலில் இருந்த நிபந்தனை மாறவில்லை. அந்த ஊசிச் சோதனையும் சைல்டு-பியூ 'ஏ' கேட்டது. 'எல்லாம் பார்த்தாச்சு, இனி டிரையல் ஏதாவது இருக்கா டாக்டர்?' என்று நம் வீடுகளில் கடைசியாகக் கேட்கும் கேள்வியை முதல் நாளே கேட்கச் சொல்வது இதனால்தான். மஞ்சள் காமாலை ஏறி, வயிற்றில் நீர் கோத்த பிறகு பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். முன்பே எடுத்துக்கொண்ட மருந்தைக் காரணம் காட்டியும் சில சோதனைகள் சேர்க்க மறுக்கும்.

இந்தியாவில் நடக்கும் சோதனைகளை ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ பதிவேட்டில் யாரும் காசில்லாமல் தேடலாம். எந்த ஊர், எந்த மருத்துவமனை, யாரைச் சேர்ப்பார்கள், யாரிடம் பேசவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தேடும்போது சைல்டு-பியூ மதிப்பெண்ணும் இதுவரை எடுத்த மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: புது மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள், ஒப்பீட்டு மருந்துக்கும் ஸ்கேனுக்கும் யார் பணம் கட்டுவது, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா?

'ஏ'யைத் தாண்டி, கல்லீரல் இன்னும் மோசமான 'பி' நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு இந்தப் பாதை இன்னும் குறுகலாகவே இருக்கிறது. நிவோலுமாப் என்ற ஊசி மருந்தின் சோதனை ஒன்றில் அவர்களுக்காகத் தனிப் பிரிவு வைத்தார்கள். சேர்ந்தவர்கள் 49 பேர். மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் பலர் 'பி' நிலையில்தான் வருகிறார்கள். அவர்களுக்கான சோதனைகளை இனியும் தள்ளிப்போடுவது நியாயமில்லை.