கண்ணாடி பிழைத்தது, ஏடு எரிந்தது

ஒரு பழைய நகரத்தின் பெருமையைப் பேசும்போது அதைக் கட்டியவர்களையே நாம் நினைக்கிறோம். அதைக் காத்தவர்களை நினைப்பது அபூர்வம். இந்த எண்ணம் எனக்கு ஷார்த்ர் நகரில் தோன்றியது.

பாரிஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். புகையிரதம் கோதுமை வயல்களினூடே செல்லும்போது, ஊர் தெரியுமுன்னே பேராலயத்தின் இரு கோபுரங்கள் தெரிகின்றன. ஒன்றின் கூர்முனை பன்னிரண்டாம் நூற்றாண்டின் எளிமை. மற்றையது பதினாறாம் நூற்றாண்டின் நுணுக்க வேலைப்பாடு.

1194ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீ பழைய ஆலயத்தின் பெரும்பகுதியை அழித்தது. சில பத்தாண்டுகளுக்குள் இன்றைய பேராலயம் எழுந்தது. 1260இல் அபிஷேகம் செய்யப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கண் சிறிது நேரம் இருளில் தடுமாறுகிறது. பின்னர் நீலமும் சிவப்புமாக யன்னல்கள் ஒவ்வொன்றாய் விழித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 2,600 சதுர மீற்றர் வண்ணக் கண்ணாடி! புனிதர்களுக்கும் அரசர்களுக்கும் கீழே பாண் சுடுவோர், சப்பாத்துத் தைப்போர், தச்சர் ஆகியோரும் தத்தம் தொழிலைச் செய்தபடி காட்சி தருகின்றனர்.

இத்தனை மெல்லிய பொருள் எப்படி இரண்டு உலகப் போர்களைக் கடந்தது? மனிதர் கழற்றி எடுத்துச் சென்றதனால்தான். 1918இலும் 1939இலும் யன்னல்களைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிப் பாதுகாப்பான இடங்களில் வைத்தனர். போர் முடிந்தபின் அவை மீண்டும் தம் இடத்தை அடைந்தன. 1944 ஆகஸ்ட் 16ஆம் திகதி, கோபுரத்தில் எதிரிகள் ஒளிந்திருப்பதாக ஐயம் எழுந்தது. வெல்போர்ன் கிறிபித் என்ற அமெரிக்கக் கேணல் தாமே உள்ளே சென்று தேடி, எவருமில்லை என்று உறுதிசெய்து, பீரங்கித் தாக்குதலைத் தவிர்த்தார் என்பர். அன்றே அயலூரான லேவில் அவர் போரில் மாண்டார்.

ஆனால் ஷார்த்ருக்கு இன்னொரு செல்வமும் இருந்தது. ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற கல்விக்கூடம் ஒன்று மத்திய காலத்தில் இங்கு விளங்கியது. அங்கு கற்பித்த தியெரி என்னும் அறிஞர், இலக்கணம் முதல் வானியல் வரையான ஏழு கலைகளுக்குமுரிய நூல்களை இரு பெரும் தொகுதிகளாகத் திரட்டினார். எண்ணூறு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த ஏடுகள் அவை. போர் தொடங்கியதும் நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகளும் வெளியே கொண்டுசெல்லப்பட்டன. ஆயினும் அவை போர் முடியுமுன்னரே நகருக்குத் திரும்பின. 1944 மே 26ஆம் திகதி நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் நூலகம் தீப்பற்றியது. தியெரியின் தொகுதிகள் இரண்டும் அழிந்தன. முன்னரே எடுக்கப்பட்ட படப்பிரதிகளின் வழியாகவே இன்று அறிஞர் அவற்றைப் படிக்கின்றனர்.

சாம்பலில் பொறுக்கிய தோல் ஏட்டுத் துண்டுகளையும் அந்நகரத்தார் எறிந்துவிடவில்லை. சுருங்கிக் கருகிய அவற்றை, இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் படம்பிடித்து, எந்த நூலின் எந்தப் பக்கம் என்று இனங்கண்டு வருகின்றனர்.

ஒரே நகரம், ஒரே போர். உடையக்கூடிய கண்ணாடி பிழைத்தது. எண்ணூறு ஆண்டு தாங்கிய தோல் ஏடு எரிந்தது. பொருளின் வலிமை இங்கே கணக்கில் வரவில்லை. யார், எப்போது, எங்கே எடுத்து வைத்தார்கள் என்பதே கணக்கு. பிரதி எடுத்து வைத்த அந்தப் பெயர் தெரியாத கைகளை நினைத்தபடியே நான் புகையிரதம் ஏறினேன். வயல்களுக்கு மேலே கோபுரங்கள் நெடுநேரம் தெரிந்துகொண்டிருந்தன.